பழைய ஹார்ன்பி பொம்மை ரயில் இன்ஜினுக்குப் பாகம் தேடி அலைந்தவர்கள் எழுதுங்கள்

கரிவண்டி, லண்டன்:
இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஹார்ன்பி டப்ளோ டாங்க் இன்ஜின் (தண்ணீர்த் தொட்டி இன்ஜினிலேயே இருக்குமே, அந்த வகை). 1938-இல் வந்த மூன்று தண்டவாளத் தொடர்தான், உங்களுக்குத் தெரியாததல்ல. பொம்மைச் சந்தை மேசையில் பச்சை வண்ணம் குலையாமல் நின்றது, வாங்கிவிட்டேன். வீட்டில் சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், ஸ்க்ரூவைத் திருப்பினேன். ஸ்க்ரூ அசையவில்லை; அதைச் சுற்றியிருந்த உலோகம் பழைய சுவரின் காரைபோல என் விரலிலேயே உதிர்ந்தது. உள்ளே முழுக்க மயிரிழை விரிசல். விற்றவரைக் கேட்டால், "என் மேசையில் இருந்தவரை நன்றாகத்தானே இருந்தது" என்கிறார்! மாற்று சேசிஸ் கிடைத்தாலும் அதே வயது, அதே உலோகம். எதை நம்பி வாங்குவது?

சிக்னல் கம்பம்:
விற்றவரைத் திட்டிப் பயனில்லை. அந்தச் சேசிஸ் துத்தநாகக் கலவை வார்ப்பு; அதில் சிறிது ஈயம் சேர்ந்தாலே போதும், உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும்; வெளியே தெரியாது. என்னைக் கடுப்பேற்றியது வேறு. டிரையாங் நிறுவனப் பொம்மை இன்ஜின்களின் எக்ஸ்04 மோட்டாரில் கார்பன் பிரஷ்களை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் மின்சாரம் கடத்தாத சின்னஞ்சிறு உறை இருக்குமே, அதைப் போடாமலே ஒருவர் பழுதுபார்த்துக் கொடுத்தார், கூலியும் வாங்கிக்கொண்டார். மின்சாரம் கொடுத்தால் இன்ஜின் அசையவில்லை, கன்ட்ரோலர் கொதிக்கிறது. மெல்லிய ஒயரின் தோலை உருவி அந்தக் காலில் செருகினேன். ஓடியது.

வார்ப்படம்:
என் மெயின்லைன் நிறுவனப் பொம்மை இன்ஜினில் பல்சக்கரம் வெடித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் டக் என்று குதித்தது. புதியது வாங்கிப் போட்டேன், தீர்ந்தது. கரிவண்டி நண்பரே, உங்கள் சேசிஸை நீங்களே செய்யலாம். துண்டுகளை ஒட்டி, சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்து, இறுகிக் கெட்டியாகும் பிசின் (ரெசின்) ஊற்றுங்கள். பிசின் சற்றுச் சுருங்கும். ஆகவே சக்கர இருசு ஓட்டைகளை அச்சில் எடுக்காமல், பிறகு துளையிட்டுப் பித்தளைக் குழாய்த் துண்டு செருகுங்கள். இல்லையென்றால் ஓட்டை தேய்ந்து சக்கரம் ஆடும். பிசின் எடை குறைவு, எனவே ஈயத் தகடு வையுங்கள். மோட்டாரைப் பிரிக்கும்போது காந்தத்தின் இரு முனைகளையும் இரும்புத் துண்டால் இணைத்து வையுங்கள். சும்மா விட்டால் வலு குறைந்துவிடும். அப்படிக் குறைந்தாலும் நியோடிமியம் காந்தம் போட்டுக்கொள்ளலாம்.

சிக்னல் கம்பம்:
பிசின் சேசிஸா? மூன்று தண்டவாள வண்டியில் நடுத் தண்டவாளத்திலிருந்து மோட்டாருக்கு வரும் மின்சாரம் சேசிஸ், சக்கரம் வழியாகத்தானே திரும்பிப் போகிறது. பிசினில் எப்படித் திரும்பும்?

வார்ப்படம்:
பித்தளைத் துண்டுகளுக்கு ஒயர் சால்டர் செய்தால் முடிந்தது. செய்து பார்க்காமலே பேசாதீர்கள்.

கரிவண்டி, லண்டன்:
நான் அறிவுரை கேட்கவில்லையே. பணத்தைத் திரும்ப வாங்கியவர் யாராவது உண்டா?

தொடர்வண்டி ரசிகன்:
பணத்தை விடுங்கள். அதே இன்ஜினுக்கு உடையாத சேசிஸ் என்னிடம் இருக்கிறது, மேல்மூடிதான் இல்லை. பச்சை மூடியை விற்பீர்களா?