சிறுநீரகத்துக்கு இரண்டு தமனி: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்களுக்கு ஏற்காடு. தம்பிக்கு அம்மா சிறுநீரகம் தரப்போகிறார். சேலத்தில் சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்ததில், அம்மாவின் இடது சிறுநீரகத்துக்கு இரண்டு தமனிகள். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், பெருந்தமனியிலிருந்து கீழ்முனைக்கு நூல் மாதிரி ஒன்று தனியாக ஓடுகிறது.

நோயில்லையாம், நூற்றில் ஏறக்குறைய 25 பேருக்கு இப்படி இருக்குமாம். ஆனால் அந்த நூலை வெட்டிவிட்டால் அது ரத்தம் தரும் பகுதி செத்துப்போகும், சிறுநீர்க்குழாயும் பாதிக்கலாம். அதனால் தம்பி உடம்பில் வைக்கும்போது இரண்டையும் தைத்து இணைக்க வேண்டும். சரி, வலதை எடுக்கலாம் என்றால் அங்கே சிரை (ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்) நீளம் குறைவு, தைப்பது சிரமம்.

இரட்டைத் தமனியோடு தானம் கொடுத்தவர்கள், பெற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தப் பக்கம் எடுத்தார்கள்? அப்புறம் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா, “எதையாவது எடுங்க, சீக்கிரம் எடுங்க” என்கிறார். எனக்குத்தான் தூக்கமே இல்லை.