முதலாமாண்டு இயற்பியல்: இன்டர்னல் டெஸ்டுக்குப் பதில் வேறென்ன வைக்கலாம்?

ஊசல்குண்டு:
பி.எஸ்சி. முதலாமாண்டு, 62 பேர். தனிஊசல் கேள்வி போட்டால் படத்தோடு, சூத்திரத்தோடு, புத்தகத்தில் உள்ளபடியே வந்து விழுகிறது. அதே பிள்ளைகள் லேபில் நூல் நீளத்தைக் குண்டின் மையம்வரை எடுக்காமல் மேல்விளிம்போடு நிறுத்தி அளக்கிறார்கள். ஆனாலும் ரெக்கார்டில் எல்லாருக்கும் ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) மதிப்பு 9.8!

ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் 10.9. அழித்து எழுதாமல் அப்படியே கொண்டுவந்தாள். உட்கார்ந்து பார்த்ததில், குண்டை விட்டவுடனே 'ஒண்ணு' என்று எண்ண ஆரம்பித்திருக்கிறாள். 20 அலைவு என்று அவள் நினைத்தது உண்மையில் 19. நியாயப்படி பார்த்தால் அந்த வகுப்பில் சோதனை செய்தவளே அவள் ஒருத்திதான். டெஸ்டிலோ நடுத்தரம்.

மூன்று டெஸ்டில் ஒன்றை மாற்றிக்கொள்ள ஹெச்.ஓ.டி. சம்மதித்துவிட்டார். என்ன செய்யலாம்? (சார்ட், மாடல் மட்டும் சொல்லாதீர்கள். மார்க் ஸ்டேஷனரி கடைக்காரருக்குத்தான் போகும்.)

கரும்பலகை:
ரெண்டு கட்டமாக வையுங்கள் மேம். முதலில் தனித்தனியாக எழுதித் தாளைக் கொடுத்துவிட வேண்டும். உடனே நாலு பேர் சேர்ந்து அதே கேள்விகளுக்கு ஒரே தாளில் மறுபடி எழுத வேண்டும். 2001இல் நோபல் வாங்கிய கார்ல் வீமனும் சகாக்களும் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இப்படிச் செய்தார்கள். நான் தனித்தாளுக்கு 85, குழுத்தாளுக்கு 15 என்று மார்க் பிரித்தேன். குழுவில் குறைந்தால் தனி மார்க்கே நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை வராது. சத்தம்தான் தாங்காது, பக்கத்து வகுப்பு சார் ரெண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

வெர்னியர்:
வைவா, அதாவது வாய்மொழித் தேர்வுதான் சரியான வழி. ஆனால் ஆளுக்கு 5 நிமிடம் என்றாலும் 62 பேருக்கு ஐந்து மணி நேரம் தாண்டும், எந்த பீரியடில் வைப்பீர்கள்? அதைவிட, அந்தப் பெண்ணின் அளவீட்டையே கேள்வியாகப் போடுங்கள். நீளம் 100 செ.மீ., '20 அலைவுக்கு' 38.1 விநாடி. எங்கே பிசகியது? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதட்டும்.

ஊசல்குண்டு:
வெர்னியர் சார், இதையே கரும்பலகை சார் சொன்ன மாதிரி ரெண்டு கட்டமாக வைத்துவிடுகிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்டேன், பேர் போடாமல் உன் ரீடிங்கைக் கேள்வியாகப் போடட்டுமா என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நான் அந்த டெஸ்ட் எழுதக் கூடாதா மேம்?" என்கிறாள். அவளுக்கு வேறு ரீடிங் தயார் செய்ய வேண்டும்.