சுவரில் இருந்த வாசல்: பெர்லின் அனுபவங்கள்

வெடிங் பகுதியிலிருந்து

வேலைக்குப் போக நான் தினமும் ஏறுவது யு6 சுரங்க ரயில். வடக்கே வெடிங் வழியாக வந்து, நகரின் நடுப்பகுதிக்கு அடியில் புகுந்து தெற்கே போகும். சென்ற மாதம் அதே வண்டியில் என் கட்டடத்தின் தரைத்தளத்தில் வசிக்கும் மூதாட்டியும் வந்தார். குப்பையைச் சரியாகப் பிரித்துப் போடவில்லை என்று கடிந்துகொள்வதைத் தவிர என்னிடம் அதிகம் பேசாதவர். ரைனிக்கென்டார்ஃபர் வீதி நிலையம் தாண்டியதும் ஜன்னலைக் காட்டி, "இனி வண்டி நிற்காது" என்றார். அடுத்த நிலையத்தில் வண்டி நின்றது. அவர் பேசியது 1970களைப் பற்றி.

1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்துச் சுவர் எழத் தொடங்கியபோது இந்தப் பாதையின் இரு முனைகளும் மேற்கில் இருந்தன, நடுப்பகுதி கிழக்குக்கு அடியில் இருந்தது. கிழக்கு அரசு தன் பக்கத்து நிலையங்களின் வாசல்களை அடைத்துவிட்டது. பாதையை மட்டும் மூடவில்லை. அதற்காக மேற்கிடம் கட்டணம் வாங்கிக்கொண்டது. எனவே மேற்கின் ரயில்கள் அந்த நிலையங்களை நிற்காமல், வேகத்தைக் குறைத்துக்கொண்டு கடந்தன. மங்கிய விளக்குகள், தூசி படிந்த நடைமேடை, ஓரமாகத் துப்பாக்கியுடன் காவலர். 'மேற்கு பெர்லினின் கடைசி நிலையம்' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருமாம். சிறுமியாக இருந்த தன் மகள் அதைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வாள் என்றார்.

ஒரே ஒரு நிலையத்தில் மட்டும் வண்டி நின்றது: ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராசே. முழுக்கக் கிழக்கில் இருந்தது. ஆனாலும் மேற்குப் பயணிகள் கடவுச்சீட்டைக் காட்டாமல் அங்கே இறங்கி வேறு ரயிலுக்கு மாறலாம். நடைமேடையிலேயே கிழக்கு அரசின் கடை ஒன்று இருந்தது. மேற்கு மார்க்கைக் கொடுத்தால் சிகரெட்டும் மதுவும் மலிவாகக் கிடைக்கும். மூதாட்டியின் கணவர் அதற்காகவே அவரை அனுப்புவாராம். திரும்பி வரும்போது மேற்குச் சுங்கக்காரர்கள் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்ற பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது, சுவரைப் பற்றிய பயம் அல்ல.

அவர் சொன்னதில் எனக்குச் சிரிப்பு வந்த ஒரு செய்தி உண்டு. கிழக்கில் அடைபட்டிருந்த ஃப்ரான்சோசிஷே வீதி நிலையத்தை 1990இல் திறந்தார்கள். பக்கத்திலேயே புதிய நிலையம் வந்ததால் 2020 டிசம்பரில் மறுபடியும் மூடிவிட்டார்கள். இப்போதும் அதை நிற்காமல்தான் கடக்கிறோம்.

இங்குள்ள பெரியவர்களிடம் ஒரு கேள்வி. எண்பதுகளில் நம்மவர்கள் கிழக்கு பெர்லின் வழியாக வந்தார்கள் என்று கோயிலில் பேசக் கேட்டிருக்கிறேன். சுவர் இருந்தபோது அது எப்படி நடந்தது?

பிரிட்ஸிலிருந்து

தம்பி, அந்த வழியால் வந்தவன் நான். 1985 இளவேனில். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

1983 ஜூலைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இளைஞர்களை வீட்டில் வைத்திருக்கப் பெற்றோர் பயந்தார்கள். அம்மாவின் நகைகளை விற்றும் மாமாவிடம் கடன் வாங்கியும் ஏஜென்சிக்காரனுக்குக் கட்டினோம். கொழும்பிலிருந்து மாஸ்கோ, மாஸ்கோவிலிருந்து கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். இறங்கியதும் கிழக்கு ஜேர்மன் அதிகாரி ட்ரான்சிட் விசா கொடுத்தான். மேற்குக்கு விசா இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. அங்கிருந்து ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராசே நிலையம். கூட்டி வந்தவன் சொல்லிவைத்திருந்தான்: "வரிசையில் நில், விசாவைக் காட்டு, படியேறு, ரயிலில் ஏறு, மேற்கில் ஸூ நிலையத்தில் இறங்கு. ஒருவரோடும் கதைக்காதே."

நிலையத்துக்குள் ஒடுங்கிய நடைகள், தடுப்புகள், கதவுகள். முன்னால் போனவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடைசிக் கதவு திறந்தது, நடைமேடை தெரிந்தது. ரயில் புறப்பட்டுச் சிறிது நேரத்தில் ஆறு, அதன் பக்கத்தில் சுவர், பிறகு மரங்கள். மேற்குக்கு வந்துவிட்டோம் என்று பக்கத்தில் இருந்தவன் காதில் சொன்னான். எங்களை அங்கே ஓர் அதிகாரியும் மறிக்கவில்லை.

ஏன் மறிக்கவில்லை என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. பேர்லின் முழுவதும் நான்கு வல்லரசுகளின் (அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம்) பொறுப்பில் உள்ள ஒரே நகரம் என்பது மேற்கு நாடுகளின் நிலைப்பாடு. நகரத்துக்கு நடுவே அவர்கள் கடவுச்சீட்டுச் சோதனை வைத்தால், சுவரை நாட்டு எல்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். ஆகவே அவர்கள் வைக்கவில்லை. கிழக்குக்கோ விமான டிக்கெட்டால் அந்நியச் செலாவணி வந்தது, மேற்குக்குத் தலையிடி கொடுத்த திருப்தியும் கிடைத்தது. பெரும்பாலும் தன் சொந்தக் குடிமக்களான குறைந்தது 140 பேர் அந்தச் சுவரில் உயிர் இழக்கக் காரணமான அரசு, எங்களுக்குக் கதவைத் திறந்து "போங்கள்" என்றது. எங்கள் மீது இரக்கப்பட்டு அல்ல. ஆனால் நான் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன்.

மேற்கில் இறங்கிய பிறகு கதை வேறு. போலீசில் பதிந்தோம், விடுதி ஒன்றில் நான்கு பேருக்கு ஓர் அறை. வேலை செய்ய அனுமதி இல்லை. குறித்த எல்லையைத் தாண்டிப் போகவும் அனுமதி இல்லை. சுரங்க ரயிலில் போலீஸ் ஏறினால் முழுப் பெட்டியிலும் எங்களிடம் மட்டும்தான் காகிதம் கேட்பார்கள். எல்லையில் செய்ய முடியாத சோதனையை ரயிலுக்குள் செய்தார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் வாசல் ஒடுங்கியது. மேற்கு ஜேர்மனி கிழக்குக்குக் கொடுத்துவந்த வட்டியில்லாக் கடன் வரம்பை 850 மில்லியனாக உயர்த்தியது. ஏறக்குறைய அதே வேளையில், மேற்குக்கு விசா இல்லாத இலங்கைத் தமிழரை இனி ஏற்றுவதில்லை என்று கிழக்கு அறிவித்தது. ஈரானியர், லெபனான்காரர் போன்ற மற்றவர்களுக்கு 1986 அக்டோபர் வரை வழி திறந்திருந்தது. முதலில் அடைபட்டது எங்களுக்கு. என் தம்பி கொழும்பில் டிக்கெட்டோடு நின்றான். அவன் பிறகு வேறு வழியால் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தான். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்ததை விடுதித் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவர்கள் கப்பல் ஏறியது மேற்கு ஜேர்மனியிலிருந்து. இங்கே இருந்த இருப்பு அப்படி.

1989 நவம்பர் 9 இரவு நான் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளி ஓடிவந்து வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். வேலை முடிந்து வெளியே வந்தால் வீதி முழுவதும் கிழக்குக்காரரின் ட்ராபான்ட் கார்கள், புகை, அழுகை, ஷாம்பெயின். முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்களும் கிழக்கிலிருந்தா?" என்று கேட்டார். ஆம் என்றேன். பொய் இல்லைதானே.

அடுத்த நாள் வங்கிகளின் முன்னால் நீண்ட வரிசை. வந்த ஒவ்வொருவருக்கும் 100 மார்க் வரவேற்புப் பணம். பெரும் சந்தோசத்தோடு பார்த்தேன். அந்தச் சந்தோசத்துக்குள் சிறிய பொறாமையும் இருந்தது.

ப்ரென்ஸ்லாவர் பெர்கிலிருந்து

அண்ணா, நீங்கள் வந்த அதே 1985இன் ஜனவரியில்தான் எங்கள் பக்கத்து பெர்னாவர் வீதியில் இருந்த சமரசத் தேவாலயத்தைக் கிழக்கு அரசு வெடிவைத்துத் தகர்த்தது. இரு சுவர்களுக்கு இடையே இருந்த மரண வெளியில் அது தனியாக நின்றுகொண்டிருந்தது. காவலர்களின் பார்வையை மறைக்கிறது என்பது அதன் குற்றம். இப்போது அதே இடத்தில் இடித்துக் கெட்டியாக்கிய மண்ணால் கட்டிய சிறு வழிபாட்டுக்கூடம் இருக்கிறது, சுற்றிலும் கம்பு போல உயர்ந்து நிற்கும் ரை தானிய வயல். நகரின் நடுவில் அறுவடை செய்கிறார்கள்.

அந்த வீதியின் ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கைச் சேர்ந்தவை, வாசலுக்கு முன்னால் உள்ள நடைபாதை மேற்கு. கதவுகளுக்குச் செங்கல் வைத்து அடைத்த பிறகு மக்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். 1961 ஆகஸ்ட் 22 அன்று ஈடா ஸீக்மான் மூன்றாம் மாடியிலிருந்து குதித்து இறந்தார். மறுநாள் அவருடைய பிறந்தநாள். சுவரால் இறந்த முதல் மனிதர் அவர்.

நான் சொல்ல வந்தது நவம்பர் 9ஐப் பற்றி. இங்கே குடிவந்த முதல் ஆண்டு அந்த நாள் கொண்டாட்டமாக இருக்கும் என்று நினைத்து வெளியே போனேன். எங்கள் வாசலில் எதிர்வீட்டுப் பெரியவர் மண்டியிட்டு, நடைபாதையில் பதித்திருந்த பித்தளைக் கற்களைத் துணியால் துலக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டிலிருந்து நாஜிகள் பிடித்துச்சென்ற யூதக் குடும்பத்தின் பெயர்கள், பிறந்த ஆண்டு, கொல்லப்பட்ட இடம். 1938 நவம்பர் 9 இரவுதான் யூதர்களின் கோயில்களையும் கடைகளையும் எரித்தார்கள். அதனால்தான் ஜெர்மனியின் தேசிய நாள் அக்டோபர் 3 என்றார் அவர். மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்து, காற்று வீசாமல் மறைத்துக்கொள்ளச் சொன்னார். சுவர் திறந்த நாளும் அவமானத்தின் நாளும் ஒரே தேதியில் விழுந்தால் நகரம் என்ன செய்யும்? மாலையில் துலக்குகிறது, இரவில் குடிக்கிறது. எனக்கு அதில் குறை தெரியவில்லை.

டெம்பல்ஹோஃப் அருகிலிருந்து

சென்னையிலிருந்து படிக்க வந்தவன். வரலாறு அதிகம் தெரியாது, வாடகை தெரியும். ஒரே ஓர் அறையைப் பார்க்க மாடிப்படி முழுவதும் வரிசை நிற்கும் ஊர் இது. அப்படியிருக்க, நகருக்குள் முன்னூறு ஹெக்டேருக்கும் மேற்பட்ட பழைய விமானத் தளத்தை வெறும் புல்வெளியாக விட்டிருக்கிறார்களே என்று எரிச்சல் வந்தது. ஓரத்தில் வீடு கட்டலாமா என்று 2014இல் வாக்கெடுப்பு வைத்தபோது மக்கள் கூடாது என்றுவிட்டார்கள்.

அங்கே ஓடுதளத்தில் சைக்கிள் ஓட்டும்போது பழக்கமான ஒரு பாட்டியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். 1948 ஜூனில் சோவியத் ராணுவம் தரைவழியை அடைத்தபோது அவருக்கு ஏழு வயதாம். அடுத்த ஆண்டு மே வரை மேற்கு பெர்லினின் நிலக்கரியும் மாவும் விமானத்தில்தான் வந்தன, அதில் ஒரு பகுதி இந்தத் தளத்தில் இறங்கியது. உலர்ந்த உருளைக்கிழங்குப் பொடியின் வாசனை இன்னும் பிடிக்காது என்றார். வீடு கட்டுவதற்கு அவரும் எதிராகவே வாக்களித்தாராம். எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை, ஆனால் அவரோடு வாதாட முடியவில்லை.

வெடிங் பகுதியிலிருந்து

ஐயா, நன்றி. அந்த ட்ரான்சிட் விசா உங்களிடம் இருக்கிறதா? ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராசே நிலையத்தின் பழைய புறப்பாட்டு மண்டபத்தில் 2011 முதல் கண்காட்சி நடக்கிறது. கண்ணீர் மாளிகை என்று ஊரார் சொல்லும் அதே கட்டடம். எடுத்துப் போனால் அவர்களுக்குப் பயன்படும்.

பிரிட்ஸிலிருந்து

இல்லைத் தம்பி. கடவுச்சீட்டோடு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னதால், ஸூ நிலையத்துக் கழிப்பறையில் கிழித்துப் போட்டேன். என்னோடு வந்த மூவரும் அப்படித்தான். எவராவது ஒளித்து வைத்திருந்தால் முருகன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பகல் பூசைக்குப் பிறகு என்னைச் சந்திக்கலாம். இருவராகச் சேர்ந்து கண்காட்சிக்காரரிடம் போய்க் கதைப்போம். என் ஜேர்மன் மொழி அதற்குப் போதும்.