புதுப்பிப்பு: கோடையில் எங்கள் சபை

கோடையில் போதகர் விடுப்பு, பாடகர் குழுவுக்கும் ஓய்வு, சபை சோர்ந்துவிடாமல் என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மூப்பர்கள் கூடிப் பேசினோம். பிரெஸ்பிட்டேரியன் முறையில், அதாவது மூப்பர்கள் சேர்ந்து சபையை நடத்தும் கிறிஸ்தவ முறையில், வழிபாடு போதகர் ஒருவர் பொறுப்பு மட்டுமல்ல, சபை தேர்ந்தெடுத்த மூப்பர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 'பிரெஸ்பிட்டெரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கே மூப்பர் என்றுதான் பொருள். சரி, இரண்டு ஆராதனைகளையும் ஒன்றாக்கி 9.30க்கு வைத்தோம். பிரசங்கத்துக்கு ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் வருகிறார்.

விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைகள்தான் இப்போது பாடுகிறார்கள். ஒரு சிறுமி கையில் எழுதிவந்த வரிகள் வியர்வையில் அழிந்துவிட்டன. பக்கத்துப் பையன் குரலைக் கூட்டிப் பாடி அவளையும் இழுத்துக்கொண்டு போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், வெளியே வர முடியாத முதியவர்களை, சபையில் உதவிப் பணி செய்யும் டீக்கன்கள் வாராவாரம் போய்ப் பார்க்கிறார்கள். ஒரு பாட்டி தலையணைக்கடியில் ஆராதனைத் தாள்களை அடுக்கி வைத்திருந்தார். "போன வாரத்தது வரலையே" என்றார். இனி சனிக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம்.