பறவை எச்சத் தடம்: கை பாலிஷ் போதுமா?

வணக்கம் நண்பர்களே. என் கார் அடர்நீலம். தெருமுனை ஆலமரம் பழுத்திருக்கிறது. மைனாக்கள் தின்பது அங்கே, கழிப்பது என் பானெட்டில். (மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள், வேறு நிழலும் இல்லை.)

எச்சத்தை எடுத்தாயிற்று. ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். பழவிதை கலந்திருப்பதால் காய்ந்ததைச் சுரண்டினால் கீறல் நிச்சயம். ஆனால் அது இருந்த இடங்களில் மங்கலாக வட்டத் தடம் நிற்கிறது. ஷாம்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. ஈரத்தில் தெரியாது, காய்ந்ததும் சாய்ந்த வெளிச்சத்தில் பல்லை இளிக்கிறது. நகத்தை ஓட்டிப் பார்த்தால் பள்ளம் தட்டவில்லை.

எச்சத்தின் அமிலம் கிளியர் கோட்டை (பெயிண்ட் மேலிருக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அரிக்கும், மதுரை வெயிலில் பானெட் சூடேறினால் இன்னும் சீக்கிரம் என்பது தெரியும். அதனால் கிளே பார் (பெயிண்ட் மேல் தேய்க்கிற களிமண் கட்டி) உதவாது என்றே நினைக்கிறேன். அது மேலே ஒட்டியதைத்தானே எடுக்கும்?

கையாலேயே காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டுத் தடத்தைப் போக்கியவர்கள் இருக்கிறீர்களா, இல்லை மெஷின் பாலிஷ்தான் வழியா? பக்கத்து வீட்டு அண்ணன் 2000 கிரிட் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் மிக நைஸான உப்புத்தாள்) போடச் சொல்கிறார். கிளியர் கோட் இருப்பதே தலைமுடி கனத்துக்கும் குறைவு, கை வைக்கப் பயமாக இருக்கிறது. விசாரித்த கடையிலோ முழு காருக்கும் செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல் பூசும் பாதுகாப்புப் படலம்) என்கிறார்கள். நாலைந்து புள்ளிக்கு அது ரொம்ப அதிகம்.

மதுரையில் பானெட்டுக்கு மட்டும் பாலிஷ் போட்டுத் தருகிற இடம் தெரிந்தால், தோராயமான செலவோடு சொல்லுங்கள்.