கருஞ்சீரக எண்ணெய் குடிச்சா சுகர் இறங்குமா?

புளியரைக்காரன்:
அம்மைக்கு 61 வயசு, எட்டு வருஷமா சுகர். செக்போஸ்ட் தாண்டி ஆரியங்காவுல ஒரு கடையில கருஞ்சீரக எண்ணெய் வாங்கி, காலையில வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் குடிக்காவ. மாத்திரை டப்பா அரிசிப் பானைக்குள்ள கிடக்கு! நேத்து சாப்பிடாம பார்த்ததுக்கே 212. என்ன செய்ய?

தென்காசி மெடிக்கல்காரர்:
முதல்ல மாத்திரையை வெளிய எடுங்க. அந்த எண்ணெயில தைமோகுவினோன்னு ஒரு வேதிப்பொருள் இருக்கு. சின்னச் சின்ன ஆய்வுகள்ல சுகர் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அதுவும் பெரும்பாலும் மாத்திரையோட சேர்த்துக் குடுத்தப்போ. கிளிமிபிரைடுங்கிற சுகர் மாத்திரை போடுறாங்களா? ரெண்டும் சேர்ந்தா லோ சுகர் ஆகலாம், டாக்டர்ட்ட சொல்லிருங்க.

புனலூர் மருமக:
எங்க அத்தை வேப்பெண்ணெயே குடிச்சுப் பார்த்தாவ. ராத்திரி முழுக்க வாந்தி. அது உள்ளுக்குப் போனா விஷம்லா!

புளியரைக்காரன்:
டப்பா எடுத்தாச்சு. மிச்ச எண்ணெயை தோசைக்கு ஊத்துவேன்னு நிக்காவ.