பழைய பான்டூன் படகு: இரண்டில் எதை வாங்கலாம்?

வணக்கம். மினசோட்டாவில் இருக்கிறோம். மினடோங்கா ஏரியில் பிள்ளைகள், அப்பா அம்மாவுடன் ஆறு பேராகப் போய்வர ஒரு பான்டூன் படகு (நீளமான உலோகக் குழாய்கள் மேல் மிதக்கும் தட்டையான படகு) தேடுகிறோம்.

முதலாவது 2012 மாடல். 20 அடி, இரண்டு குழாய், 50 குதிரைத்திறன் எஞ்சின், 380 மணி நேரம் ஓடியது, டிரெய்லரோடு 11,000 டாலர். எஞ்சின் ஒரே திருப்பில் கிளம்பியது. ஆனால் பின் சீட்டுக்குப் பக்கத்தில் கால் வைத்தால் தரை லேசாக அமுங்குகிறது. கார்ப்பெட்டுக்கு அடியில் பிளைவுட் ஊறியிருக்குமோ என்று பயம். தரை முழுவதையும் மாற்ற எவ்வளவு ஆகும்?

இரண்டாவது 2016. 22 அடி, மூன்று குழாய், 115 குதிரைத்திறன் யமஹா எஞ்சின், 620 மணி நேரம், 19,000 டாலர். டிரெய்லர் கிடையாது. தரை கல் மாதிரி இருக்கிறது. காற்றடிக்கும் நாளில் மூன்று குழாய்தான் ஆட்டம் குறைவாக நிற்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்கும்போது படகு சாயக் கூடாது. அதனால் மனசு இந்தப் பக்கம்தான்.

ஆனால் டிரெய்லர் தனியாக வாங்கினால் பட்ஜெட் தாண்டிவிடும். அப்புறம், எங்கள் காரின் இழுவைத் திறன் 3,500 பவுண்டுதான். இதை இழுக்காது என்றே நினைக்கிறேன்.

சனிக்கிழமை இரண்டையும் தண்ணீரில் இறக்கிப் பார்க்கப் போகிறோம். குழாய்க்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படகு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.